எழுத்தெண்ணிப் படியுங்கள்: உலகச் சமயங்களின் மறைஞானியரிடம் போகும் வழி

மெய்ப்பு பார்ப்பது என் தொழில். 28 ஆண்டுகளாகப் பிறர் எழுதியதை அச்சுக்குப் போகும் முன் எழுத்தெழுத்தாகப் பார்த்துவருகிறேன். இந்த வேலையில் சேர்பவருக்கு முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும்: மனம் எதிர்பார்ப்பதையே கண் படித்துவிடும். ஒரு சொல்லில் எழுத்து விழுந்திருந்தாலும் கண் அதைத் தானாக நிரப்பிக்கொண்டு அடுத்த சொல்லுக்கு நகர்ந்துவிடும். பிழை அங்கேயே இருக்கும். படித்தவருக்கு மட்டும் தெரியாது.

என் தந்தை இறந்த ஆண்டில் ஞானியரின் நூல்கள் பக்கம் போனேன். கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன்: உபநிடதம், சூஃபிகள், ஜென் ஆசிரியர்கள், கிறிஸ்தவத் துறவிகள். பிடித்த வரிகளை ஒரு நீள நோட்டில் எழுதிவைத்தேன். மூன்று ஆண்டுகளில் நோட்டு நிறைந்துவிட்டது. ஒருநாள் அதன்மேல் தண்ணீர் கொட்டிவிட்டது. ஒரு பக்கத்தில் வரி தப்பியது, சொன்னவரின் பெயர் கரைந்துபோனது. 'நான் கடவுளைக் காணும் கண்ணும் கடவுள் என்னைக் காணும் கண்ணும் ஒரே கண்' என்பது அந்த வரி. யார் சொன்னது? உபநிடதம் என்று தோன்றியது. இல்லை, சூஃபி ஒருவராக இருக்கலாம் என்று தோன்றியது. அதில் எனக்கு ஒரு மகிழ்ச்சிகூட வந்தது. பெயரை எடுத்துவிட்டால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

அதே வாரம் ஒரு புத்தகத்தில் பெரிய பிழை ஒன்றைத் தவறவிட்டேன். நன்றாகத் தெரிந்த செய்யுள் என்பதால் பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து படித்துக்கொண்டே போயிருக்கிறேன். அன்றிரவு நோட்டைத் திறந்தபோது மனம் அதிர்ந்தது. இங்கேயும் நான் அதையேதான் செய்திருந்தேன். 'எல்லாம் ஒன்று' என்பதை எதிர்பார்த்துப் படித்தேன். எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. மறுநாள் முதல் புதிதாகத் தொடங்கினேன். அதற்குப் பிறகு கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு சமயத்தில் ஊன்றியவருக்கும், எந்தச் சமயத்திலும் இல்லாதவருக்கும் இது பயன்படும்.

பெயர்களைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்

'மிஸ்டிசிசம்' என்ற சொல்லின் கிரேக்க வேர் மூடுதலைக் குறிக்கிறது. கண்ணை மூடுதல், வாயை மூடுதல். தமிழில் மறைஞானம் என்கிறோம். 'மறை' என்பது ஒளிந்திருப்பதையும் குறிக்கும், வேதத்தையும் குறிக்கும். இந்த இரட்டைப் பொருள் நமக்கு வாய்த்த கொடை. ஆனால் இந்தப் பொதுப்பெயரைத் தங்களுக்கு யாரும் வைத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். யூதர்கள் கபாலா என்றார்கள். 'பெற்றுக்கொண்டது' என்று பொருள். சூஃபி என்ற பெயர் கம்பளியைக் குறிக்கும் 'சூஃப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகப் பெரும்பாலோர் கருதுகிறார்கள். துறவியின் முரட்டு உடை அது. நம் 'தியானம்' சீனத்தில் சான் ஆகி, ஜப்பானில் ஜென் ஆனது. கிழக்குத் திருச்சபைத் துறவிகள் தங்கள் வழிக்கு 'ஹெசிகியா' என்றார்கள், அசைவற்ற அமைதி. சைவர் 'அனுபூதி' என்றனர்.

ஒரு பெயர் ஆசிரியரிடமிருந்து பெறுவதைச் சொல்கிறது. ஒன்று துறவைச் சொல்கிறது. இன்னொன்று உட்காருவதைச் சொல்கிறது. எந்த மரபைத் தொடங்கினாலும் முதல் பக்கத்தில் அவர்கள் தங்களை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று எழுதுங்கள். பாதி திசை அதிலேயே தெரிந்துவிடும்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் மறைஞான அனுபவத்துக்கு நான்கு அடையாளங்களைச் சொன்னார்: பேச்சுக்கு அடங்காமை, ஏதோ ஒன்றை அறிந்துகொண்ட உறுதி, நெடுநேரம் நீடிக்காமை, தான் செயலற்று ஆட்கொள்ளப்படுதல். கைவிளக்காக இவற்றை வைத்துக்கொள்ளலாம். தராசாக வைத்துக்கொண்டால் தப்பாகிவிடும். ஸ்பானியத் துறவி ஆவிலாவின் தெரேசா 1577இல் எழுதிய நூலில் ஆன்மாவை ஏழு மனைகள் கொண்ட கோட்டையாகக் காட்டுகிறார். ஏழாம் மனையில் கிடைப்பது வந்துபோகும் பரவசம் அல்ல, நிலைத்திருப்பது. ரமணர் 1896இல் பதினாறு வயதில் மரண பயத்துக்கு ஆளாகி, பிணம்போல் படுத்துத் தன்னை விசாரித்தார். அன்று தெளிந்தது பிறகு விலகவே இல்லை என்றுதான் சொன்னார். ஜேம்ஸின் மூன்றாம் அடையாளம் இவர்கள் இருவரிடமும் பொருந்தவில்லை.

ஒரு சிறு நூல், ஆறு மாதம்

முதல் நூலை உங்கள் தாய்மொழியிலிருந்து எடுங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. மறைஞானியின் பாதிச் சொத்து ஒலியில் இருக்கிறது. சூஃபிக் கவிஞர் ரூமியின் மஸ்னவி என்ற நூல் நாணலின் புலம்பலோடு தொடங்குகிறது. அதில் ஓர் ஈரடியின் இரண்டு வரிகளும் பாரசீகத்தில் 'நீஸ்த் பாத்' என்ற ஒரே சொற்களில் முடிகின்றன. முதல் வரியில் அதற்குப் பொருள் 'காற்றல்ல'. இரண்டாம் வரியில் 'இல்லாமல் போகட்டும்'. நாணலின் ஒலி நெருப்பு, காற்றல்ல. அந்த நெருப்பு இல்லாதவன் இல்லாமல் போகட்டும். தமிழ் இலக்கணம் இதை மடக்கு என்று சொல்லும். மொழிபெயர்ப்பில் கருத்து வந்துசேரும், மடக்கு வராது. மொழிபெயர்ப்புகளைப் படிக்க வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. நான் படித்தவற்றில் பெரும்பகுதி மொழிபெயர்ப்புகள்தான். என்ன இழக்கிறோம் என்பது தெரிய வேண்டுமானால் இழப்பில்லாமல் ஒன்றையாவது படித்திருக்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு வசதி இருக்கிறது. தாயுமானவர் 'பராபரமே' என்று முடியும் இரண்டடிக் கண்ணிகளைப் பாடினார். அவருக்குப் பின்வந்த சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபும் பராபரக்கண்ணி பாடியிருக்கிறார். யாப்பும் ஒன்று, விளிச்சொல்லும் ஒன்று, சமயம் வேறு. மொழிபெயர்ப்பு குறுக்கே நிற்காமல் இரண்டு மரபுகளை அருகருகே வைத்துக் கேட்க இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரிந்து இல்லை. முதலில் தாயுமானவரை மட்டும் சில மாதங்கள் படியுங்கள். பிறகு மஸ்தான் சாகிபிடம் போங்கள். விளி ஒன்றாயிருந்தும் விளிக்கப்படுபவர் எங்கே ஒத்துப்போகிறார், எங்கே விலகுகிறார் என்பதைக் காதே சொல்லும்.

வேறு மரபில் தொடங்க விரும்பினால் சிறிய நூலாகப் பாருங்கள். மாண்டூக்கிய உபநிடதத்தில் பன்னிரண்டே மந்திரங்கள். தாவோ தே ஜிங்கில் 81 சிறு அதிகாரங்கள். ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியதை முப்பது அமர்வுகள் படிப்பது, முப்பது நூல்களைப் புரட்டுவதைவிட உங்களை உள்ளே கொண்டுபோகும்.

எப்படிப் படிப்பது? நான் அலுவலகத்தில் செய்வதையே இங்கும் செய்கிறேன். ஒரு வெள்ளைத் தாளை வரிக்குக் கீழே பிடித்து அடுத்த வரியை மறைத்துவிடுவேன். வாய்விட்டுப் படிப்பேன். எங்கள் வேலையில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பில் கண் வைத்திருப்பது பழைய முறை. கண் ஏமாந்தால் காது பிடித்துவிடும். இந்த நூல்களில் பெரும்பாலானவை காதுக்காகவே பிறந்தவை. 12ஆம் நூற்றாண்டின் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கிகோ, வாசிப்பை நான்கு படிகளாகப் பிரித்தார்: படித்தல், சிந்தித்தல், வேண்டுதல், ஆழ்ந்திருத்தல். படிப்பது வாயில் இடுவது, சிந்திப்பது மெல்லுவது என்று அவர் விளக்குகிறார். வேண்டுதலில் நம்பிக்கை இல்லாதவர் அந்த இடத்தில் சற்று நேரம் சும்மா இருக்கலாம். அருணகிரிநாதருக்கு முருகன் சொன்னதும் 'சும்மா இரு, சொல்லற' என்பதுதான்.

ஜூலியனின் இரண்டு பிரதிகள்

இந்த வாசிப்பைப் பழகுவதற்கு ஒரே ஒரு பயிற்சியைச் சொல்லச் சொன்னால், நார்விச்சின் ஜூலியனைச் சொல்வேன். 1373 மே மாதம், முப்பது வயதில், சாவின் விளிம்பில் கிடந்த இந்த ஆங்கிலப் பெண் பதினாறு காட்சிகளைக் கண்டார். பிழைத்தெழுந்து அவற்றை எழுதினார். பிறகு நெடுங்காலம் சிந்தித்து அதே காட்சிகளைப் பல மடங்கு விரித்து மறுபடி எழுதினார். சுருக்கப் பிரதி, விரிவுப் பிரதி இரண்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஓர் அனுபவம் சிந்தனையாக முதிர்வதை ஒருவருடைய எழுத்திலேயே பின்தொடர்வதற்குக் கிடைத்த அரிய இடம் இது. இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, எது சேர்ந்தது, எது போனது என்று பென்சிலால் குறித்தேன். எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது.

விரிவுப் பிரதியில் மட்டும் ஓர் ஆண்டான்–ஊழியன் காட்சி வருகிறது. ஆண்டானின் விருப்பத்தை நிறைவேற்ற ஓடும் ஊழியன் பள்ளத்தில் விழுந்து அடிபட்டுக் கிடக்கிறான். கழுத்தைத் திருப்பி ஆண்டானைப் பார்க்கக்கூட அவனால் முடியவில்லை. ஆண்டானோ குற்றம் காணாமல் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டே இருக்கிறார். சுருக்கப் பிரதியில் ஜூலியன் இதைச் சொல்லவே இல்லை. அவருக்கு அதன் பொருள் விளங்கவில்லை. மூன்று மாதம் குறைய இருபது ஆண்டுகள் கழித்து உள்ளிருந்து ஓர் அறிவுறுத்தல் வந்ததாக எழுதுகிறார்: அற்பமாகத் தோன்றினாலும் காட்சியின் ஒவ்வொரு கூறையும் கவனி. அவர் கவனிக்கிறார். ஆண்டான் எங்கே உட்கார்ந்திருக்கிறார், உடை என்ன நிறம், ஊழியன் எப்படி நிற்கிறான், அவன் மேலாடை எவ்வளவு நைந்திருக்கிறது. அந்த விவரங்களிலிருந்து பாவத்தையும் மீட்பையும் பற்றிய அவருடைய தரிசனம் முழுவதும் விரிகிறது.

தனக்குக் காட்டப்பட்டதையே எழுத்தெண்ணிப் படித்த பெண் அவர். பதினாறு காட்சிகளில் 'எல்லாம் நன்றாகும்' என்ற வரியை மட்டும் எடுத்துச் சுவரில் மாட்டிக்கொள்வோர் இந்த இருபது ஆண்டுகளைப் பார்ப்பதில்லை. நானும் முதல் நோட்டில் அந்த ஒரு வரியைத்தான் எழுதியிருந்தேன்.

அட்டையில் இருக்கும் பெயர்

நூலோடு வாழ்க்கையையும் படியுங்கள். 'இருண்ட இரவு' என்பதை இன்று எந்தச் சோர்வுக்கும் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லைத் தந்த ஸ்பானியத் துறவி சிலுவை யோவானை, சபைச் சீர்திருத்தத்தை எதிர்த்த அவருடைய சபைத் துறவிகளே பிடித்து, 1577 டிசம்பர் முதல் 1578 ஆகஸ்ட் வரை தொலேதோவில் ஓர் இருட்டறையில் அடைத்துவைத்தார்கள். அங்கிருந்து தப்பியவர் அவர். ஆனால் நூலில் அவர் சொல்லும் இரவு சிறையின் துன்பம் அல்ல. ஆன்மா பற்றிக்கொண்டிருந்த ஆறுதல்கள், கடவுளைப் பற்றிய இனிய உணர்வுகள் உட்பட, ஒவ்வொன்றாக உரிக்கப்படுதல். இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் அந்தச் சொல்லை அளந்து பயன்படுத்த முடியும்.

மறைஞானி மார்கரீத் பொரேத் தன் நூலுக்காக 1310இல் பாரிஸில் எரிக்கப்பட்டார். அவருடைய நூல் பெயரில்லாமல் பிழைத்துப் பல மொழிகளுக்குப் போனது, மடங்களுக்குள்ளேயே படிக்கப்பட்டது. ஆசிரியர் இவர்தான் என்பதை ரொமானா குவார்னியேரி என்ற ஆய்வாளர் கண்டறிந்தது 1946இல். 600 ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெண்ணின் சொல், அவர் பெயரைக் கழித்துக்கொண்டு உலவியிருக்கிறது. நேர்மாறாக, கி.பி. 500ஐ ஒட்டி எழுதிய ஒருவர் பவுலின் சீடரான தியொனீசியுஸ் என்ற பெயரைத் தாங்கிக்கொண்டார். அந்தப் பெயருக்காகவே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் அவர் சொல் அப்போஸ்தலர் காலத்துச் சொல்லாக மதிக்கப்பட்டது. எனவே புதிய நூலை எடுத்ததும் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: யார் எழுதியது, யாருக்காக, எந்த ஆபத்தின் நடுவில், யார் பாதுகாத்து நம்மிடம் சேர்த்தார்கள்?

நெருப்புப் பக்கம்

இரண்டு மூன்று நூல்கள் உங்களுக்குள் ஊறிய பிறகு ஒப்பிடலாம். கொள்கைகளை ஒப்பிட வேண்டாம். 'கடவுள் பற்றி இவர் என்ன சொன்னார்' என்று தொடங்கினால் பாடநூல் அட்டவணைதான் கிடைக்கும். ஓர் உவமையை எடுங்கள். அது எங்கெல்லாம் வருகிறது, வரும் இடத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். என் இரண்டாவது நோட்டில் நெருப்புக்கு ஒரு பக்கம் இருக்கிறது.

அதில் முதலில் புத்தர். கயையில் ஆயிரம் பிக்குகளுக்கு அவர் சொன்ன உரையில் கண் எரிகிறது, காண்பது எரிகிறது, மனம் எரிகிறது. ஆசை, வெறுப்பு, மயக்கம் ஆகியவற்றின் தீ. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார் தெரியுமா? அதுவரை வேள்வித் தீயை வளர்த்துவந்த சடைமுடித் துறவிகள். போற்றி வளர்த்ததையே நோயாகக் கேட்கிறார்கள். அணைதல்தான் விடுதலை, நிர்வாணம் என்ற சொல்லுக்கே அணைந்துபோதல் என்று பொருள்.

அடுத்து ரூமி. நெருப்பு இல்லாதவன் இல்லாமல் போகட்டும் என்கிறார். புத்தர் அணைக்கச் சொன்னதை இவர் வேண்டிக்கொள்கிறார்.

பிறகு திருமூலர். எலும்பை விறகாக்கி, தசையை அறுத்துப் பொன்போன்ற கனலில் பொரிய வறுத்தாலும், அன்போடு உருகி அகம் குழைபவருக்கு அல்லாமல் சிவனை அடைய இயலாது. இங்கே நெருப்பு வீரத் தவம். அது போதாது என்கிறார். உருகுதல் வேறு என்கிறார்.

பஸ்ராவின் ராபியாவைப் பற்றிச் சொல்லப்படும் கதையில், அவர் ஒரு கையில் தீப்பந்தமும் மறு கையில் தண்ணீரும் கொண்டு ஓடுகிறார். சொர்க்கத்தைக் கொளுத்தவும் நரகத்தை அணைக்கவும். ஆசையோ அச்சமோ இன்றி இறைவனை இறைவனுக்காகவே நேசிக்க வேண்டும் என்பதற்காக.

கடைசியில் பாஸ்கல். 1654 நவம்பர் 23 இரவு பத்தரை மணி முதல் பன்னிரண்டரை மணி வரை நடந்ததைக் கணிதமேதையான அவர் ஒரு தாளில் குறித்தார். நேரத்துக்குக் கீழே தனி வரியில் ஒரே சொல்: நெருப்பு. யாரிடமும் காட்டவில்லை. 1662இல் அவர் இறந்த பிறகு மேலங்கியின் உட்துணியில் தைக்கப்பட்டிருந்ததைக் கண்டெடுத்தார்கள்.

பழைய நோட்டில் இந்த ஐந்தும் 'உள்ளொளி' என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்திருக்கும். இப்போது பக்கத்தைப் பார்த்தால் ஒருவர் அணைக்கிறார், ஒருவர் கேட்கிறார், ஒருவர் போதாது என்கிறார், ஒருவர் எதையெதை எரிப்பது என்று பிரிக்கிறார், ஒருவர் ஒரு சொல்லுக்கு மேல் எழுத முடியாமல் நிற்கிறார். எனக்கு இந்தப் பக்கம்தான் உயிருள்ளதாகத் தெரிகிறது. நீங்கள் நீரை எடுக்கலாம், உப்பை எடுக்கலாம், கண்ணாடியை எடுக்கலாம். ஒவ்வொரு குறிப்பிலும் நூல், இடம், முன்பின் வரிகள் மூன்றும் இருக்க வேண்டும். இவை இல்லாத வரியை நோட்டில் ஏற்றாதீர்கள்.

உவமைக்கு அடுத்தபடி, முடிவைப் பாருங்கள். ஒன்றுதலுக்குப் பிறகு என்ன? 12ஆம் நூற்றாண்டுச் சீனத்தின் ஜென் துறவி குவோஆன் எருதைத் தேடிப் போகும் பத்துப் படங்களுக்குப் பாட்டு எழுதினார். எட்டாவது படம் வெற்று வட்டம். பத்தாவதில் அந்த மனிதர் சந்தைக்குத் திரும்பி வருகிறார். தெரேசாவும் ஏழாம் மனையில், விவிலியத்தில் பணிசெய்த மார்த்தாவும் அமர்ந்து கேட்ட மரியாவும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறார். செபத்தின் பயன் செயல்கள் என்கிறார். 'இவர் கடைசியில் எங்கே போய் நிற்கிறார்?' என்ற கேள்வி எந்த நூலையும் திறந்துவிடும்.

எல்லாம் ஒன்றா?

கற்றவர்களும் இதில் ஒத்துப்போகவில்லை. எல்லா மரபுகளின் அடியிலும் ஒரே ஞானம் ஓடுகிறது என்று எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1945இல் வாதிட்டார். மொழியும் மரபும் கலக்காத வெறும் அனுபவம் என்று ஒன்று கிடையாது; யூதர் யூத அனுபவத்தையே அடைகிறார், பௌத்தர் பௌத்த அனுபவத்தையே அடைகிறார் என்று ஸ்டீவன் காட்ஸ் 1978இல் மறுத்தார். எண்ணமே இல்லாத விழிப்புநிலை எல்லா இடங்களிலும் காணப்படுகிறதே என்று ராபர்ட் ஃபோர்மன் 1990இல் பதில் சொன்னார்.

நான் காட்ஸ் பக்கம் சாய்கிறேன். சூஃபி ஹல்லாஜ் 922இல் பாக்தாதில் கொல்லப்பட்டார். 'நானே உண்மை' என்ற சொல் அவர் பெயரோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மானியத் துறவி எக்கார்ட்டின் 28 கூற்றுகளைத் திருத்தந்தை 1329இல் ஆணை வெளியிட்டுக் கண்டித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் இந்த விலை கொடுத்தவர்களிடம் போய், 'நீங்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் ஒற்றுமையைத் தேடியவர்களில் ஒருவரை நான் மிகவும் மதிக்கிறேன். முகலாய இளவரசர் தாரா ஷிகோ. காசியின் பண்டிதர்களையும் துறவிகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் கொண்டுவந்தார். 1657இல் பணி முடிந்தது, 1659இல் கொல்லப்பட்டார். அவருக்கும் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் வரிகளைப் பொறுக்காமல் நூல்களையே மொழிபெயர்த்து வைத்தார். அந்தப் பாரசீகத்திலிருந்து பிரெஞ்சு அறிஞர் ஆங்கெதில் துய்பெரோன் 1801–02இல் லத்தீனில் வெளியிட்டதைத்தான் ஜெர்மன் தத்துவஞானி ஷோப்பன்ஹவர் படித்தார். எல்லாம் ஒன்று என்று சொல்ல விரும்புபவர் இந்த உழைப்பைச் செய்துவிட்டுச் சொல்லட்டும். நான் உட்கார்ந்து கேட்பேன்.

படிப்பு நின்றுவிடும் இடம்

பாக்தாதின் புகழ்பெற்ற பேராசிரியராக இருந்த கஸ்ஸாலிக்கு 1095இல் வகுப்பில் நாக்கு எழவில்லை. மருத்துவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பதவியைத் துறந்து சூஃபிகளின் வழியில் போனார். ஆரோக்கியத்தின் இலக்கணத்தை அறிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு என்று பின்னர் எழுதினார். சூஃபிகளின் நூல்களில் கற்கக்கூடியதையெல்லாம் கற்றுவிட்டேன், எஞ்சியது சுவைத்து அறிய வேண்டியது என்றார்.

ஆகவே நூலை மூடிவைத்து உட்காரவும் வேண்டும். நான் காலையில் இருபது நிமிடம், அன்று படிக்கப்போகும் ஒரு வரியோடு அமர்கிறேன். அவ்வளவுதான். ஆசிரியரிடமிருந்து பெற வேண்டிய திக்ருகளையும் (சூஃபிகள் இறைநாமத்தை ஓதும் முறைகள்) மந்திரங்களையும் மூச்சு முறைகளையும் புத்தகத்தைப் பார்த்து எடுத்தாளாதீர்கள். பெறாததைப் பெற்றதாக வைத்துக்கொள்வது அந்த மரபுக்கும் மரியாதை ஆகாது, நமக்கும் நல்லதல்ல. விருந்தினரை வரவேற்கும் இடங்கள் இருக்கின்றன. குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் மௌனக் கூட்டம் அவற்றில் ஒன்று. முதல் முறை அங்கே நிமிடங்களை எண்ணினேன். மூன்றாம் முறை, ஒரு மூதாட்டி எழுந்து இரண்டே வாக்கியங்கள் பேசி உட்கார்ந்தார். அதுவரை இருந்த மௌனம் எவ்வளவு ஆழம் என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கே போனாலும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், பின்னால் உட்காருங்கள், பதிவு செய்யாதீர்கள்.

ஆபத்து உண்டு என்பதை மரபுகளே மறைக்கவில்லை. யூதர்களின் சமயநூலான தல்மூதில் நால்வர் 'பர்தேஸ்' என்னும் தோட்டத்துக்குள் போகிறார்கள். ஒருவர் இறந்தார், ஒருவர் மனம் பிறழ்ந்தார், ஒருவர் நாற்றுகளை வெட்டினார், அதாவது நம்பிக்கையை விட்டு விலகினார். ரபி அகிவா மட்டும் அமைதியாகத் திரும்பினார். ஜென் ஆசிரியர் ஹக்குயின் இளமையில் மிதமிஞ்சிய தியானத்தால் தன் உடலும் மனமும் குலைந்ததை விரிவாக எழுதியிருக்கிறார். தூக்கம் குறைந்தால், பயம் கூடினால், குரல்கள் கேட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர் நீண்ட மௌன முகாம்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. ஓர் ஆசிரியர் உங்கள் பணத்தையோ உடலையோ கேட்டாலும், குடும்பத்தாரிடம் மறைக்கச் சொன்னாலும், அன்றே வெளியே வந்துவிடுங்கள்.

ஆபத்தைவிடப் பலரை நிறுத்துவது சலிப்புதான். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த ஏவாக்ரியுஸ் அதற்கு நண்பகல் பேய் என்று பெயர் வைத்தார். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும். பகல் ஐம்பது மணி நேரம்போல் நீளும். துறவி சாளரத்தை எட்டி எட்டிப் பார்ப்பார். யாராவது வரமாட்டார்களா, வேறு இடம் நல்லதோ என்று எண்ணம் ஓடும். அறையை விட்டுப் போகாதே என்பதே அவர் தந்த மருந்து. நான்காம் மாதத்தில் வேறு நூலுக்குத் தாவலாம் என்று உங்கள் கை நீளும்போது இந்தத் துறவியை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த மாதம் வந்தபோது தாளை வரிக்குக் கீழே வைத்து, நாளுக்கு நான்கு வரி என்று குறைத்துக்கொண்டேன்.

பெயர் கரைந்த வரியைத் தேடிக் கண்டுபிடிக்க நான்கு மாதங்கள் ஆயின. அது உபநிடதம் அல்ல, சூஃபியும் அல்ல. எக்கார்ட்டின் ஒரு ஜெர்மன் மறையுரை. 'எனக்குச் செவிகொடுப்பவர் வெட்கமுறார்' என்ற விவிலிய வசனத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறார். கண்ணைப் பற்றிய என் வரி, கேட்பதைப் பற்றிய உரையின் நடுவே உட்கார்ந்திருந்தது. அதே உரையில் இன்னொரு இடத்தில், ஒருவர் விட முடிந்தவற்றிலெல்லாம் மேலானது, கடவுளுக்காகக் கடவுளையே விட்டுவிடுவது என்கிறார். மூன்று ஆண்டுகள் அந்த ஒற்றை வரியைப் படித்தவனுக்கு இது தெரியாது. பழைய நோட்டின் ஈரம் பட்ட பக்கத்தில் அவர் பெயரையும், உரையின் எண் 12 என்பதையும் பென்சிலால் எழுதினேன். அந்த நோட்டில் இன்னும் 43 வரிகளுக்கு முன்பின் தெரியவில்லை. இந்த வாரம் உப்பைப் பற்றிய ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.